வில்லுப்பாட்டில் கெட்ட குமாரன் கதை: புதிதாகத் தொடங்கும் சபைக் குழுவுக்கு

ஒரு வேதக் கதையை வில்லுப்பாட்டாக மேடையேற்ற எட்டு வாரம் வேண்டும். வாரத்துக்கு இரண்டு நாள், நாளுக்கு இரண்டு மணி நேரம் என்று வைத்தால் மொத்தம் 32 மணி நேரம் வரும். அதில் எட்டு மணி நேரமாவது கதையை வாசிக்கவும் எழுதவும் போக வேண்டும். பெரும்பாலான குழுக்கள் இந்த எட்டு மணி நேரத்தைத்தான் மிச்சம் பிடிக்கின்றன. குரலும் தாளமும் தேறிவிடும், கதை தேறாது. நடு நடுவே பிரசங்கம் புகுந்து, கேட்க வந்தவர்கள் எழுந்து போவது அங்கேதான் தொடங்கும்.

எடுத்துக்காட்டாக லூக்கா 15ஆம் அதிகாரம், 11 முதல் 32 வரையிலான வசனங்களை எடுத்துக்கொள்வோம். சீர்திருத்தச் சபைகளில் ‘கெட்ட குமாரன்’, கத்தோலிக்கத் திருச்சபையில் ‘ஊதாரி மைந்தன்’. மொத்தம் 22 வசனம். அப்பா, இரண்டு மகன்கள், ஒரு பாகப்பிரிவினை. இளையவன் பங்கை வாங்கிப் போய் அழித்துவிட்டுத் திரும்புகிறான், அப்பா விருந்து வைக்கிறார், அண்ணன் கோபத்தோடு வாசலில் நிற்கிறான். நம்மூரில் யாருக்கும் விளக்கவே தேவையில்லாத கதை. முதல் முயற்சிக்கு இதைவிடத் தோதானது கிடையாது.

பெரியவர்கள் கேட்கும் கேள்வி

‘வில்லு கொடைக்குப் பாடுறதுல்லா, அது எப்படி நம்ம கோயிலுக்கு?’ என்று சபையில் யாராவது கேட்பார்கள். நியாயமான கேள்விதான், மழுப்ப வேண்டாம். திருநெல்வேலி, தூத்துக்குடி, கன்னியாகுமரிப் பக்கம் இசக்கியம்மன், சுடலைமாடன் கோயில் கொடைகளில் (திருவிழாக்களில்) வில்லுப்பாட்டு வழிபாட்டின் ஒரு பகுதி. அந்த மரபு அவர்களுடையது. நாம் எடுத்துக்கொள்வது கதை சொல்லும் முறையை. தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) குறவஞ்சி வடிவத்தை எடுத்து ‘பெத்லகேம் குறவஞ்சி’ பாடினார். கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் காந்தியின் கதையை வில்லில் பாடினார். வடிவம் வேறு கதைகளையும் தாங்கும் என்பதற்கு இவை போதும். திருச்சி கலைக்காவிரியும் யாழ்ப்பாணத்துத் திருமறைக் கலாமன்றமும் பல ஆண்டுகளாக மரபுக் கலைகளைக் கிறிஸ்தவச் சூழலில் பயிற்றுவித்து வருவதையும் சொல்லலாம்.

இதில் ஒரு கடமையும் இருக்கிறது. வில்லடிப்பை அண்ணாவி (வில்லுப்பாட்டு ஆசான்) ஒருவரிடம் நேரில் உட்கார்ந்து கற்றுக்கொள்ளுங்கள். அவர் கொடைக்குப் பாடுகிறவராகவே இருப்பார். அவருக்குரிய சம்பளத்தைப் பேசிக் கொடுங்கள். மேடையில் அவர் பெயரைச் சொல்லுங்கள். அவர் பாடும் தெய்வங்களைக் கேலி செய்யும் ஒரு வரிகூட உங்கள் ஏட்டில் (பாட்டும் பேச்சும் எழுதிய பிரதியில்) இருக்கக் கூடாது.

ஆட்கள்

ஐந்து பேர் போதும், ஏழுக்கு மேல் வேண்டாம். நடுவில் வில்லடித்துக் கதை சொல்பவர், பின்பாட்டு இரண்டு பேர், குடம் ஒருவர், உடுக்கு ஒருவர். மிச்சம் ஆள் இருந்தால் ஜால்ராவும் தாளக் கட்டையும்.

பாடத் தெரிந்தவரையே நடுவில் உட்கார வைப்பது வழக்கம். பேசத் தெரிந்தவரை வையுங்கள். குரல் சுமாராக இருந்தாலும் பின்பாட்டு தூக்கிக்கொள்ளும். கதை சொல்ல வராவிட்டால் தூக்க ஆளில்லை. பின்பாட்டுக்காரர்களில் ஒருவர் சட்டென்று குறுக்குக் கேள்வி போடுகிறவராக இருக்க வேண்டும். ஊரே கேட்க நினைக்கும் கேள்வியைக் கேட்பது அவர் வேலை.

சுருதியை முதல் நாளே முடிவு செய்துவிடுங்கள். சுருதியின் உயரத்தைக் கட்டைக் கணக்கில் சொல்வார்கள். ஆண்குரலுக்கு ஒன்று முதல் இரண்டு கட்டை, பெண்குரலுக்கு ஐந்து முதல் ஆறு கட்டை பொதுவாக ஒத்துவரும். இருபாலரும் சேர்ந்த குழுவில் நடுவில் இருப்பவரின் சுருதிதான் குழுவின் சுருதி. மற்றவர்களுக்கு எட்டாத இடத்தில் கீழ் ஸ்தாயியில் பாடட்டும், கத்த வேண்டாம். சுருதிப்பெட்டி இல்லாமல் ஒத்திகை பார்க்கும் குழு மேடையில் ஒலிபெருக்கியைக் கேட்டதும் அரைக் கட்டை ஏறிவிடும், கடைசிப் பாட்டில் குரல் உடையும்.

கருவிகள்

வில்: முதல் குழுவுக்கு எட்டிலிருந்து பத்தடி நீளம் போதும். வைரம் பாய்ந்த பனை நல்லது. நாண் முறுக்கிய தோல். வில்லில் ஏழு அல்லது ஒன்பது மணி கட்டினால் போதும். கூடக் கூட ஓசை கூடும், பேச்சு கேட்காது. வில்லின் வளைவு கீழே, நாண் மேலே. நடுப்பகுதியைக் குடத்தின் கழுத்தோடு சேர்த்துக் கட்டுவார்கள். கட்டு தளர்ந்தால் ஒவ்வொரு அடிக்கும் வில் நகரும், அரை மணி நேரத்தில் பாடகர் மேடையின் ஓரத்துக்கே போய்விடுவார். நாண் சரியாக ஏறியிருக்கிறதா என்று பார்க்க, நாணில் அடிக்கும் குச்சியான வீசுகோலால் நடுவில் ஓர் அடி கொடுங்கள். கோல் துள்ளி மேலே வர வேண்டும், மணிகள் ஒருமுறை சேர்ந்து ஒலித்து அடங்க வேண்டும். கோல் நாணிலேயே படுத்துவிட்டால் தளர்வு என்று அர்த்தம்.

குடம்: வயிறு அகன்று, கழுத்து குறுகிய மண்குடமாக வாங்குங்கள். கடையிலேயே விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். கணீரென்று வந்தால் எடுத்துக்கொள்ளலாம், ‘பொத்’ என்று வந்தால் எங்கோ கீறல் இருக்கிறது. வீட்டுக்கு வந்ததும் ஓர் இரவு தண்ணீர் நிரப்பி வையுங்கள். கண்ணுக்குத் தெரியாத விரிசல் ஈரக்கோடாகத் தெரியும். பிறகு இரண்டு நாள் வெயிலில் காயட்டும், ஈரக் குடம் பேசாது. வைக்கோல் புரிமணையின் மேல் வைத்து, ஒரு கையில் பத்தி என்ற தட்டையான மட்டையால் வாயில் அடிக்க வேண்டும். பாக்கு மட்டையை அடுக்கித் தைத்த பத்தி நல்லது, ரப்பர் செருப்பின் அடியை வெட்டியும் செய்துகொள்ளலாம். மற்றக் கையில் ஒரு நாணயம், அது குடத்தின் வயிற்றில் தட்ட.

புதியவர்கள் செய்யும் தவறு ஒன்றுதான்: பத்தியை வாயில் அடித்து அங்கேயே அழுத்திவிடுவார்கள். காற்று அடைபட்டு ஓசை செத்துவிடும். பத்தி தட்டையாகப் பட வேண்டும், பட்ட உடனே எழ வேண்டும். அப்போதுதான் ‘தொம்’ என்று வயிற்றிலிருந்து வரும். ‘தொம், டிங்டிங், தொம், டிங்’ என்று நாலு அட்சரத்தை நாளுக்குப் பத்து நிமிடம் அடித்தால் மூன்றாம் வாரத்தில் கை நிற்கும். மாற்றுக் குடம் ஒன்று கட்டாயம் வேண்டும்.

கிறிஸ்துமஸுக்குப் பாடுவதாக இருந்தால், அது வடகிழக்குப் பருவமழைக் காலம் என்பதை மறந்துவிடாதீர்கள். ஈரக்காற்றில் நாணும் உடுக்கின் தோலும் தொய்ந்துவிடும். நிகழ்ச்சிக்கு ஒரு மணி நேரம் முன்னால் நாணை மீண்டும் ஏற்றுங்கள். உடுக்கை எரியும் குண்டு பல்புக்கு ஒரு முழம் தள்ளிக் காட்டினால் தோல் இறுகும். மிக அருகில் கொண்டுபோனால் வெடித்துவிடும்.

கதையை வாசிப்பது

எல்லாரும் சேர்ந்து உட்கார்ந்து 22 வசனத்தையும் மூன்று முறை சத்தமாக வாசியுங்கள். 1871இல் வெளிவந்த பழைய வேத மொழிபெயர்ப்பான பவர் திருப்புதலை ஒருவரும், 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பை இன்னொருவரும் வைத்துக்கொள்ளுங்கள். பன்றிகள் தின்றதைப் பழைய மொழிபெயர்ப்பு ‘தவிடு’ என்கிறது, பொது மொழிபெயர்ப்பு ‘நெற்று’ என்கிறது. மூலத்தில் இருப்பது கரோப் மரத்தின் காய். பாட்டுக்கு எது நல்லது? தவிடுதான். மாட்டுக்கும் கோழிக்கும் தவிடு வைத்த கை அந்தச் சொல்லைக் கேட்டதுமே பசியைப் புரிந்துகொள்ளும்.

வாசிக்கும்போது கதையில் இல்லாததையும் குறித்துக்கொண்டே வாருங்கள். இது முக்கியம். பலரும் நினைப்பது வேறு, வசனம் சொல்வது வேறு.

இளையவன் பணத்தைத் தாசிகளிடம் அழித்தான் என்று மேடையில் ஒரு நடனக்காட்சியே வைத்துவிடுகிறார்கள். வசனத்தைப் பாருங்கள். கதை சொல்கிறவர் அவன் துன்மார்க்கமாய் வாழ்ந்து ஆஸ்தியை அழித்தான் என்றுதான் சொல்கிறார். வேசிகள் என்ற பேச்சு 30ஆம் வசனத்தில், கோபத்தோடு வாசலில் நிற்கும் அண்ணன் வாயில் வருகிறது. அவன் தம்பியை இன்னும் பார்க்கவேயில்லை. இதை அப்படியே அண்ணன் வாயிலேயே விட்டால் அவன் மனம் எவ்வளவு கசந்திருக்கிறது என்பது தானாகத் தெரியும். பெண் ஒருத்தியை மேடையேற்றி இழிவுபடுத்த வேண்டிய தேவையும் இல்லை.

பன்றி மேய்த்த இடமும் அப்படித்தான். யூதக் கேட்போருக்குப் பன்றி தீட்டு. அதனால்தான் அவன் விழுந்த ஆழம் அவர்களுக்கு உறைத்தது. நம் ஊரில் பன்றி வளர்த்துப் பிழைக்கும் குடும்பங்கள் இருக்கின்றன, அந்தத் தொழிலைச் சொல்லியே சாதி இழிவு செய்யப்பட்டவர்கள் இருக்கிறார்கள். அங்கே ஒரு நகைச்சுவையைச் செருகினால் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் ஒரு பிள்ளை தலைகுனிய நேரும். பசியைப் பாடுங்கள், தொழிலைப் பாடாதீர்கள்.

பங்குக் கணக்கையும் தெரிந்துகொள்ளுங்கள். உபாகமம் 21:17இன்படி மூத்தவனுக்கு இரட்டைப் பங்கு. இரண்டு மகன் என்றால் இளையவனுக்கு மூன்றில் ஒன்று. மிச்சம் எல்லாம் மூத்தவனுக்கு. ‘எனக்குள்ளது எல்லாம் உன்னுடையது’ என்று அப்பா கடைசியில் சொல்வது வெறும் ஆறுதல் வார்த்தை இல்லை, சொத்துக் கணக்கே அதுதான். இதைத் தெரிந்துகொண்டு பாடும் குரலில் ஓர் உறுதி வரும்.

ஆட்களுக்குப் பெயர் வைக்காதீர்கள். ஊருக்கும் பெயர் வேண்டாம். இயேசு வைக்கவில்லை. பெயர் வைத்த உடனே ‘அது யார் வீட்டுக் கதை’ என்று சபை தேடத் தொடங்கிவிடும்.

ஏடு எழுதுவது

வில்லுப்பாட்டுக்கு ஒரு வரிசை உண்டு: காப்பு (தொடக்க வேண்டுதல்), வருபொருள் உரைத்தல் (என்ன கதை என்று சொல்வது), குருவடி பாடுதல் (ஆசானை வணங்குவது), அவையடக்கம் (அவைக்குப் பணிவு சொல்வது), நாட்டுவளம், கதைக்கூறு, வாழி (வாழ்த்து). இந்த வரிசையை மாற்ற வேண்டாம், சுருக்கலாம். 40 நிமிட நிகழ்ச்சியில் முதல் ஐந்துக்கும் சேர்த்து ஐந்து நிமிடம், கதைக்கு 30 நிமிடம், வாழிக்கு இரண்டு நிமிடம். மீதி மூன்று நிமிடம் மின்வெட்டுக்கும் அழும் குழந்தைக்கும்.

காப்புக்கு நாலு வரியில் சொந்தமாக ஒரு ஜெபம் எழுதுங்கள். பழைய காப்புப் பாட்டை எடுத்துத் தெய்வத்தின் பெயரை மட்டும் மாற்றி ஒட்டினால் அந்த மரபுக்கும் மரியாதை இல்லை, நம் ஜெபத்திலும் உண்மை இல்லை. குருவடியில் வில்லடிக்கக் கற்றுத்தந்த அண்ணாவிக்கு நன்றி சொல்லுங்கள். நாட்டுவளத்தில் அப்பாவின் வயலையும் களத்தையும் வேலைக்காரர்களையும் பாடுங்கள். பின்னால் அவன் ‘என் அப்பா வீட்டில் கூலிக்காரருக்கே சாப்பாடு மிஞ்சுமே’ என்று நினைக்கும்போது சபைக்கு அந்தக் களம் ஞாபகம் வர வேண்டும்.

கதைக்கூற்றில் பாட்டுக்கும் பேச்சுக்கும் ஏறக்குறைய சரிபாதி நேரம். பேச்சு நிமிடத்துக்கு 90 சொல்லுக்கு மேல் ஓடக் கூடாது. ஆகப் பேச்சுப் பகுதி முழுவதும் 1,300 சொல்லுக்குள் அடங்க வேண்டும். எழுதி எண்ணிப் பாருங்கள், முதல் வரைவு இரண்டு மடங்கு இருக்கும்.

பேச்சு இப்படி இருக்கலாம்:

‘அப்பா உயிரோட இருக்காரு.’
‘ஆமா, கல்லுமாதிரி இருக்காரு.’
‘இருக்கும்போதே இளையவன் பங்கைப் பிரின்னு நிக்கான்.’
‘ஏலே, அப்படி என்னல அவசரம்?’
‘அப்பா ஒரு வார்த்தை பேசல.’
‘பேசலியா?’
‘பிரிச்சுக் கொடுத்துட்டாரு.’

இங்கே ‘ஆமா’ போடுகிறவர் வெறுமனே தலையாட்டவில்லை. கதையை ஊரின் சார்பில் கையில் வாங்குகிறார். ஜெபத்துக்கு ஆமென் சொல்லும் சபைக்கு இந்த வேலை புதிதில்லை. ஆகவே ஒரே ‘ஆமா’வைத் திரும்பத் திரும்பப் போடாமல் வியப்பு, சந்தேகம், வருத்தம் என்று பத்து விதமாகச் சொல்லிப் பழகட்டும்.

பாட்டு வரியில் கையால் தொடக்கூடிய பொருள் இருக்க வேண்டும். ‘பாவச் சேற்றில் விழுந்த பாவியே’ என்ற வரி எந்தக் கதைக்கும் பொருந்தும், அதனால் இந்தக் கதைக்குப் பயன்படாது. அதற்குப் பதில்:

*கையிலே பணம் கனத்திருச்சு, காலு வீட்டை மறந்திருச்சு,*
*காசு தீந்த மறுநாளே கதவு எல்லாம் சாத்திருச்சு.*

இதில் பாவம் என்ற சொல்லே இல்லை. கேட்பவருக்குப் புரிந்துவிடும். விளக்கம் சொல்லத் தோன்றும் ஒவ்வோர் இடத்திலும் பேனாவை மூடிவிட்டு அடுத்த வசனத்துக்குப் போங்கள். இயேசு இந்தக் கதைக்குள் விளக்கம் எதையும் வைக்கவில்லை. முணுமுணுத்துக்கொண்டிருந்த பரிசேயருக்கு எதிரே கதையைச் சொல்லி விட்டுவிட்டார்.

மெட்டு

புறப்படும்போது தெம்மாங்கு, பஞ்சத்துக்கு ஒப்பாரி, விருந்துக்குக் கும்மி. மூன்று மெட்டு போதும், ஒவ்வொன்றும் திரும்பி வரலாம். சினிமா மெட்டைத் தவிர்த்துவிடுங்கள். கேட்பவர் மனதில் பழைய வரிகள்தான் ஓடும், உங்கள் வரி உள்ளே போகாது. ஒப்பாரியைப் படிக்க ஊரில் வயதான பெண்களிடம் போய்க் கேளுங்கள். இழுக்கும் இடத்தையும் மூச்சு விடும் இடத்தையும் புத்தகம் சொல்லித் தராது.

கதைப்பாட்டுக்கு நிமிடத்துக்கு 70 அடி. கைபேசியில் மெட்ரோனோம் செயலி வைத்துப் பழகுங்கள். புதிய குழு எப்போதும் வேகம் கூட்டிக்கொண்டே போகும். அதைப் பிடித்து நிறுத்த வேண்டியது குடக்காரர், வில்லடிப்பவர் அல்ல.

அப்பா ஓடும் இடம்

20ஆம் வசனத்தை மட்டும் தனியாக ஒரு முழு நாள் ஒத்திகை பாருங்கள். மகன் தூரத்தில் வரும்போதே அப்பா காண்கிறார், மனதுருகுகிறார், ஓடுகிறார். அந்தக் காலத்துக் குடும்பத் தலைவர் ஒருவர் தெருவில் ஓடுவது கண்ணியக் குறைவு. இவர் ஓடினார். நம்மூரிலும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பெரியவர் ஓடினால் ஊர் திரும்பிப் பார்க்கும்.

‘தூரத்தில்’ என்ற சொல்லில் எல்லாக் கருவியும் நிற்கட்டும். இரண்டு மூச்சு நேரம் அமைதி. பிறகு குடம் மட்டும், 60 அடி வேகத்தில். ‘ஓடினாரு’ என்று முதல்முறை பேச்சாகச் சொல்லுங்கள். இரண்டாம் முறை பின்பாட்டு வாங்கட்டும், உடுக்கு சேரட்டும். மூன்றாம் முறை வில் சேர்ந்து 110க்கு ஏறட்டும். கட்டிப்பிடிக்கும் இடத்தில் இரு வீசுகோலையும் நாணின்மேல் அழுத்தி ஓசையை ஒரேயடியாக நிறுத்துங்கள். மணியின் மிச்ச ஓசை அடங்கும்வரை யாரும் வாய் திறக்கக் கூடாது. உடனே பாட்டைத் தொடங்கிவிடும் குழு அந்த ஓட்டத்தையே வீணாக்கிவிடும். மகன் வழியெல்லாம் ஒத்திகை பார்த்து வந்த மன்னிப்புப் பேச்சை அப்பா முடிக்கவிடுவதில்லை, கூலிக்காரனாக வைத்துக்கொள்ளும் என்ற வரி 21ஆம் வசனத்தில் வராது. ஆகவே பாடும்போதும் அந்த வரி தொடங்கும் முன் வேலைக்காரரைக் கூப்பிடும் குரல் குறுக்கே விழட்டும். பிறகு வஸ்திரம், மோதிரம், பாதரட்சை, கன்று, கும்மி.

கும்மி உச்சத்தில் இருக்கும்போது அண்ணன் வருகிறான். வயலிலிருந்து வரும் அவன் காதில் விழுவது கீதவாத்தியம் என்று வசனமே சொல்கிறது. ஒலியைக் குறைத்து, அவன் காதில் விழுவதுபோல் தூரத்தில் வாசியுங்கள்.

கதை அப்பாவின் பேச்சோடு முடிகிறது. அண்ணன் உள்ளே போனானா என்று லூக்கா சொல்லவில்லை. நீங்களும் சொல்லக் கூடாது. அவனை உள்ளே இழுத்து வந்து சகோதரர் இருவரையும் கட்டிப்பிடிக்க வைக்கும் ஆசை எல்லாக் குழுவுக்கும் வரும். வேண்டாம். வாசலில் நிற்கட்டும். அரை நிமிடம் சுருதி மட்டும் ஒலிக்கட்டும், பிறகு வாழி. வாழியில் ஊரையும் பயிரையும் நோயாளிகளையும் பிள்ளைகளையும் வாழ்த்துங்கள். சுவிசேஷ அழைப்பு கொடுக்க ஆயர் விரும்பினால், வாழி முடிந்து குழு எழுந்த பிறகு அவர் தனியாகப் பேசட்டும்.

எட்டு வாரம்

முதல் இரண்டு வாரம் வாசிப்பும் ஏடும், கூடவே வீட்டில் கைப்பயிற்சி. வீசுகோலை முழங்கையால் வீசாமல் மணிக்கட்டால் போடப் பழகுங்கள். இடது கை எப்போதும் பின்தங்கும், அதற்கு இரட்டிப்பு நேரம் கொடுங்கள். மூன்றும் நான்கும் மெட்டுக்கு. ஐந்தாம் வாரம் ஏட்டை மூடிவிட்டுப் பேச வேண்டும். ஆறாவதில் சபையைச் சேராத இரண்டு பேரைக் கூப்பிட்டு உட்கார வைத்துப் பாடுங்கள். எங்கே புரியவில்லை என்று அவர்கள் சொல்லும் இடம்தான் திருத்த வேண்டிய இடம். ஏழாவதில் ஒலிபெருக்கியோடு ஒத்திகை. எட்டாவதில் ஒரே ஒரு முழு ஒத்திகை, பிறகு குரலுக்கு ஓய்வு. ஒவ்வோர் ஒத்திகையையும் அந்த வசனங்களை வாசித்து ஜெபித்துத் தொடங்குங்கள்.

மேடை

உயரமான மேடை வேண்டாம், இரண்டடி போதும். நான்கு மைக்: நடுவில் இருப்பவருக்கு ஒன்று, பின்பாட்டுக்கு ஒன்று, குடத்தின் வாய்க்கு ஒரு சாண் தள்ளி ஒன்று, உடுக்குக்கு ஒன்று. வில்மணிக்குத் தனி மைக் தேவையில்லை, நடுவில் இருப்பவரின் மைக்கே இழுத்துக்கொள்ளும். கான்கிரீட் கோயிலுக்குள் எதிரொலி பேச்சைத் தின்றுவிடும். அங்கே வேகத்தை இன்னும் குறையுங்கள், முடிந்தால் வெளியே முற்றத்தில் பாடுங்கள். தெருவில் என்றால் ஒலிபெருக்கிக்குக் காவல் நிலைய அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். திறந்தவெளியில் இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது. ஆகவே 8 மணிக்குள் காப்புப் பாடிவிட வேண்டும். உடை: வேட்டி சட்டை, புடவை, அவ்வளவுதான்.

முடிந்ததும் கலைந்து போய்விடாதீர்கள். அன்று இரவே நாணை இறக்கிவிடுங்கள், ஏற்றியபடி விட்டால் வில்லின் வளைவு தளர்ந்துபோகும். மணிகளை ஈரம் போகத் துடைத்துத் துணியில் சுற்றுங்கள். உடுக்கின் கயிற்றைத் தளர்த்துங்கள். குடத்துக்குள் பழந்துணி திணித்து, வைக்கோல் சுற்றி, வேனில் யாராவது ஒருவர் மடியில் வைத்துக் கொண்டுபோகட்டும்.